பென்னலூரா, பொன்னலூரா?

இன்று வாலாஜாபாத் பஸ்ஸில் பாப்பா அழுகையை நிறுத்தவே இல்லை. வழக்கம்போல் போனில் அவளைத் தூங்க வைக்கும் ஒரு தாலாட்டைப் போட்டேன்.

பக்கத்து சீட்டுப் பெண் சிரித்தார். "மெதுவா வைம்மா. அந்தப் பாட்டு மேல கேஸு கீது."

சத்தத்தைச் சட்டென்று குறைத்தேன். "கேட்டாக்கூடவா கேஸ், அக்கா?"

"கேக்கறதுக்கு இல்ல, பாடினதுக்கு. பாடினது நான்தான்."

அதே குரல்! கம்பெனி எதுவும் இல்லாமல் தனியாளாக ஆல்பம் போட்டவர். 1991இல் தாங்கள் வெளியிட்ட கேசட்டிலிருந்து இந்தப் பாட்டை அவர் திருடிவிட்டார் என்று ஒரு ஆடியோ கம்பெனி வழக்கு போட்டிருக்கிறதாம். தோற்றால் ஆல்பத்தையே எடுத்துவிட வேண்டும்.

"அதுக்கு முன்னாடியே எங்கம்மா என்னைத் தூங்க வச்ச பாட்டும்மா அது!"

"எப்படிக்கா நிரூபிப்பீங்க?"

"'பென்னலூரு ஏரிக்காத்தே'ன்னு எங்க ஊர்ல பாடுவோம். அவங்க கேசட்டுல 'பொன்னலூரு'ன்னு கீது. யாரோ பாடக் கேட்டு தப்பா எழுதிகினு போயிருக்காங்க. எங்க பென்னலூருக்கு வந்திருந்தா பஸ் ஸ்டாப் போர்டையாவது படிச்சிருப்பாங்க."

போனை நிறுத்தச் சொல்லிவிட்டு அவரே பாடினார். ஃபேக்டரி ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் தூங்கி வழிந்த பெண்களெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பாப்பா தூங்கிப்போனாள்.

பொன்னலூர் எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். அந்தக் கம்பெனி வக்கீலும் தேடிக்கொண்டிருப்பார்.