முதுகில்லாத அலமாரி

எங்கள் தெருவுக்குக் கரண்டு வராத காலம். ஆலங்குடிப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பெட்ரோமாக்ஸ் விளக்கு பழுதானால் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வரும். அப்பாவும் சித்தப்பாவும் முன்னறையில் சேர்ந்து உட்கார்ந்து சரிசெய்வார்கள். கிணற்றடியில் அம்மாவும் சின்னம்மாவும் தொடங்கிய சண்டை பாகப்பிரிவினையில் போய் முடிந்தது. வீட்டின் நடுவே சுவர் எழும்பியது. ஊர்ப் பெரியவர்கள் பட்டறைச் சாமான்களையும் ரொம்ப நியாயமாகப் பிரித்தார்கள்: சுத்தியல் அப்பாவுக்கு, குறடு சித்தப்பாவுக்கு. இரண்டும் இல்லாமல் ஒரு விளக்கையும் சரிசெய்ய முடியாது என்பது அந்த நியாயத்தில் சேரவில்லை. அந்தப் பக்கத்து ஆணிகூட இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள்.

அந்த வாரமே அப்பா ஒரு சுவர் அலமாரி செய்ய உட்கார்ந்தார். எல்லாம் மிச்சச் சாமான்தான். இடித்த கதவின் பலகை, தேயிலைப் பெட்டி, கூரை வேலையில் மீந்த சட்டம். கீலுக்குப் பதிலாக சைக்கிள் டியூப்பை வெட்டி ஆணியடித்தார். புதுச் சுவரில் மாட்டும்போதுதான் கவனித்தேன், அலமாரிக்கு முதுகே இல்லை.

"பலகை பத்தலத்தா" என்றார் அப்பா.

நல்ல பலகை ஒன்று அவர் காலடியிலேயே கிடந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரே கூத்து. காலையில் சித்தப்பாவின் குறடு எங்கள் அலமாரிக்குள் இருக்கும். மத்தியானம் எங்கள் சுத்தியலைக் காணோம். அப்பாவிடம் கேட்டால் இருமுவார். அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருநாள் காவல் இருந்தேன். உள்ளே சுவரில் இரண்டு செங்கல் நகர்ந்தது. விளக்கு வேலையில் பட்ட தீத்தழும்போடு சித்தப்பாவின் கை நீண்டு, குறட்டை வைத்துவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போனது.

"அம்மா, சித்தப்பா நம்ம சுத்தியலைத் திருடுறாக!" என்று கத்திக்கொண்டே ஓடினேன்.

அம்மா குறட்டை என் கையில் திணித்து, அதைக் கொடுத்துவிட்டுச் சுத்தியலை வாங்கிவரச் சொன்னாள். தெருவழியாகப் போய்க் கேட்டேன். சித்தப்பாவின் முகம் சுண்டிவிட்டது.

"இருத்தா, வாரேன்" என்று உள்ளே போனார். கல்லில் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வந்து சுத்தியலைக் கொடுத்தார்.

"அண்ணன் சாப்புட்டாகளா?"

"அதெல்லாம் ஒங்ககிட்டச் சொல்லக் கூடாது" என்றேன் விறைப்பாக.

அன்று சாயங்காலம் அம்மா பக்கத்தில் நின்று பார்க்க, அப்பா செங்கல்லை வைத்துப் பூசினார். முதுகுக்கு அந்த நல்ல பலகையை எடுத்தார். அடிப்பதற்கு முன் வழக்கம்போலச் சுத்தியலை ஆட்டிப் பார்த்தார். பல மாதமாகக் கழன்று ஆடிக்கொண்டிருந்த அதன் தலை அசையவில்லை. பிடியில் புதிதாக ஓர் ஆப்பு இறுக்கியிருந்தது.

அப்பா அந்த ஆப்பை விரலால் தடவிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. திருடியவர் எதற்காக அதைச் சரிசெய்து தரவேண்டும் என்று எனக்குப் பெரிய குழப்பம். அதைவிட, திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்த எனக்கு அப்பா ஒரு சபாஷ்கூடச் சொல்லவில்லையே என்று அழுகை அழுகையாக வந்தது.