திருப்பிப் போட்ட டீ-ஷர்ட்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட நிதி சேர்ப்பதற்காக, கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை ஒரு குழு சைக்கிளில் கிளம்பியது. றக்வானப் பக்கம் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து கொழும்பில் வேலை பார்க்கும் நானும் ஆசையோடு சேர்ந்தேன். முதல் நாள் காலையில் எல்லோருக்கும் மஞ்சள் டீ-ஷர்ட் கொடுத்தார்கள். விரித்துப் பார்த்தேன். நெஞ்சில் கொட்டை எழுத்தில் ‘தோட்டக்காட்டுப் பிள்ளைகளுக்காக’ என்று இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘தோட்டக்காட்டான்’ என்பது கடையிலும் பஸ்ஸிலும் எங்களை மட்டம் தட்டுவதற்கென்றே வைத்திருக்கிற சொல். அதை அச்சடித்தவர்களும் தமிழர்கள்தான்.

“அது எல்லாரும் சும்மா சொல்ற பேர்தானே தங்கச்சி,” என்றார் குழுத் தலைவர். “நாங்க உதவி செய்யத்தானே போறோம்?”

உதவி செய்கிறவர்கள் திட்டிக்கொண்டே செய்யலாமா? நான் டீ-ஷர்ட்டை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

மறுநாள், மூச்சு வாங்க மலையேறி எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தோம். அம்மா எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்தார். கோப்பையை நீட்டும்போதே ஒவ்வொரு நெஞ்சையும் வாசித்தார்.

“போட்டோவுக்காவது நேராப் போடுங்க தங்கச்சி,” என்றார் தலைவர்.

“நீங்க எல்லாரும் திருப்பிப் போடுங்க. நானும் வந்து நிக்கிறேன்.”

ஒருவரும் அசையவில்லை. நான் பிறந்த லயத்துக்கு முன்னால் எடுத்த அந்தப் படத்தில் நான் இல்லை. அந்தச் சொல் மட்டும் வரிசையாக நின்று சிரிக்கிறது.