மடித்து எடுத்துப்போக வாங்கிய சைக்கிள்

எங்கள் தீவு நாட்டில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் என் அண்ணன்மார் ஆக்லாந்துக்குப் போய்விட்டார்கள். நாங்களும் விசாவுக்குக் காத்திருக்கிறோம். அதனால் எதை வாங்கினாலும், போகும்போது எடுத்துப்போக முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

முழங்கால் வலியால் என்னோடு சைக்கிள் மிதிக்க முடியாமல்போன கணவருக்காக, நமாகா கடைத்தெருவில் மின்சார சைக்கிள் வாங்கப் போனேன். மடிக்கிற சைக்கிளைக் கேட்டதும் கடைக்காரர் சிரித்தார். "ஓட்டவா, பெட்டியில வைக்கவா, சிஸ்டர்? உங்க ஊர் லோவு ரோட்டுக்குப் பெரிய சக்கரம்தான் சரி." அவர் பேச்சைக் கேட்காமல் மடிக்கிறதையே வாங்கினேன்.

முதல் நாள் மாலை இருவரும் சேர்ந்து கிளம்பினோம். மகள் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் ரயிலின் தண்டவாளத்தைக் கடக்கும்போது அந்தச் சின்னச் சக்கரம் இடுக்கில் சிக்கி, இருவரும் விழுந்தார்கள். பின்னால் வந்த லாரி ஒரு முழம் தள்ளி நின்றது.

மகளுக்கு முழங்காலில் சிராய்ப்பு, அவருக்கு முழங்கையில் காயம்.

"இத யாரு எடுக்கச் சொன்னா?" என்றார்.

"கடைக்காரர்தான்," என்றேன்.

மறுநாள் அவர் கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பியபோதுதான் உண்மையைச் சொன்னேன். "விசா வர்ற வரைக்கும் பாப்பா இந்த ரோட்டுலதானே போகணும்?" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பெரிய சக்கர சைக்கிளாக மாற்றிவிட்டோம். இப்போது எதை வாங்கினாலும், இங்கே உதவுமா என்று முதலில் கேட்கிறேன். தண்டவாளம் வந்தால் இறங்கித் தள்ளுகிறோம். அங்கே மகள் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.