அட்டையில் கட்டிய ஸ்டேஷன்

கல்யாணமாகி அம்பத்தூருக்குக் குடிவந்த புதிதில், என் கணவர் சாப்பாட்டு மேஜை முழுக்கக் காகிதம் விரித்து ரயில் பாதை வரைந்துகொண்டிருப்பார். அங்கே இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவர் டிராஃப்ட்ஸ்மேன். கம்பெனியில் கழித்துப்போட்ட வரைபடங்களின் பின்பக்கத்தில், மேஜை மேல் ஓடப்போகும் ஒரு சின்ன ரயில் உருவாகிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் குடில் கட்டுகிறவரும் அவர்தான். தெர்மகோல் மலையும் மரத்தூள் புல்லும் அவருக்குக் கைவந்த வேலை. ஆனால் இப்போது அவருக்கு வேண்டியிருந்தது கரி எஞ்சின் காலத்து ஸ்டேஷன்: ஓட்டுக்கூரை, வளைவு ஜன்னல், கூரை விளிம்பில் பல் பல்லாக வெட்டிய பலகை.

ஆவடி தாண்டி அப்படி ஒன்று இடிபடாமல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இரவல் கேமராவோடு லோக்கல் வண்டி ஏறுவோம். ஒவ்வொரு ஜன்னல் பக்கத்திலும் தூண் பக்கத்திலும் என்னை நிற்க வைத்துப் படமெடுப்பார். என் உயரம் தெரியும், அதை வைத்துச் சுவரின் உயரத்தைக் கண்டுபிடித்துவிடலாம் என்பார்.

"அசையாத. குதிகாலத் தூக்காத."

போர்ட்டர் ஒருவர் பீடியை அணைத்துவிட்டு வந்தார். "இன்னா சார், செவுத்த அளந்துகினு கீறீங்க? ஊடு கட்டப் போறீங்களா?"

"ஆமாண்ணே, சின்ன வீடு."

"அடப்பாவி, அக்காவ பக்கத்துல வச்சிகினே சொல்றியே!"

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. வீடு வந்து சேரும்வரை அவர் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

அந்த மழைக்காலத்து ஞாயிறு மத்தியானங்கள் எல்லாம் பேச்சிலேயே போயின. பாதை எங்கே வளையவேண்டும் என்று அவர் யோசிப்பார். பெண்கள் காத்திருக்கும் அறைக்கு முன்னால் வேப்பமரம் வேண்டும், நிழல் பெஞ்சுக்கு வரவேண்டும் என்பேன் நான்.

"நிழலை எப்படிடி வரையறது?"

"நீங்கதானே டிராஃப்ட்ஸ்மேன்."

வெளியே பெய்கிற மழை அந்தக் காகித ஊரிலும் பெய்வதுபோல் இருக்கும். அங்கே நனையாமல் நிற்க எனக்கு ஓர் இடம் தெரியும்.

ஓடுகளை ஃபைல் அட்டையில் நான் வெட்டினேன். தீக்குச்சியை இழைத்து அவர் ஜன்னல் சட்டம் செய்தார். சட்டை டப்பாவின் கண்ணாடித்தாள் ஜன்னலுக்குப் போனது. ஸ்டேஷன் எழுந்து நின்ற சமயம் மஸ்கட்டிலிருந்து அவர் அண்ணன் வந்தார், தண்டவாளத்தோடு ஒரு பேட்டரி ரயில் கொண்டுவந்தார்.

ஓடவிட்டோம். எஞ்சின் எங்கள் கணக்கைவிடப் பெரியது. கூரை விளிம்பை உரசி, அந்தப் பல் பலகையைப் பெயர்த்துக்கொண்டு, நிற்காமல் போயிற்று. சுவிட்ச் அதன் வயிற்றில் இருந்தது. அவர் கையில் தூக்கியபோதும் சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

பிறகு கேட்டார்: "கூரையை உசத்திடலாமா?"

"ஸ்டேஷன்ல கைய வச்சுப் பாருங்க!"

அவர் முகம் தெளிந்துவிட்டது. ரயில் அண்ணன் பிள்ளைகளுக்கே போனது.

பலகையை ஒட்டி, மேஜையை ஜன்னலோரம் நகர்த்தினோம். மாலை வெயில் ஓடுகளின் மேல் சாயும் நேரத்தில், இருவரும் மேஜை விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தின் மட்டத்தில் பார்ப்போம். கண்ணைச் சற்றுச் சுருக்கினால் போதும், நாங்கள் அங்கே இருப்போம். எந்த வண்டியையும் எதிர்பார்க்கவில்லை. அவர் மட்டும் சில சமயம் மெல்ல எழுந்துபோய்ப் புதுக் காகிதம் எடுத்து, கூட்ஸ் ஷெட்டுக்கு முதல் கோட்டை இழுப்பார்.