தெரியாத எண்ணை எடுக்காத ஊர்

கோலாலம்பூரை விட்டு வெளியேறுவதற்கு முன் ஒரு பட்டியல் போட்டேன். மென்பொருள் சோதனை என் தொழில். ஒரு செயலி மக்கள் கைக்குப் போவதற்கு முன் அது எங்கெங்கே உடையும் என்று தேடிப் பார்க்கும் வேலை. அந்தப் பழக்கத்தில், குடியிருக்கப்போகும் ஊருக்கும் சில சோதனைகளை எழுதிவைத்தேன். ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ஈப்போவின் சிலிபின் பகுதியில் இருக்கும் அப்பா அம்மாவை வாரம் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்ய ஓர் அறை. நடந்து போகும் தூரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை. மொத்தம் பதினொரு வரிகள்.

இணையம் என்று ஒரு வரி அதில் இல்லை. கோலாலம்பூரில் அது குழாயில் வரும் தண்ணீரைப் போல எப்போதும் இருந்தது. இருப்பதை யார் எழுதிவைப்பார்கள்?

நான் தேர்ந்தெடுத்த ஊர் ஈப்போவுக்கு வடக்கே, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தின் ஓரத்தில் இருக்கிறது. தோட்டம் இப்போது எண்ணெய் தரும் செம்பனையாகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்தபோது அங்கிருந்தவர்களில் பலர் பக்கத்தில் எழும்பிய தாமான் குடியிருப்பில் வீடு வாங்கினார்கள். ஒரே மாதிரியான மாடியில்லாத வரிசை வீடுகள், ஒரு கோயில், தொழுகைக்கு ஒரு சுராவ், நடுவில் பொதுவாக ஒரு பாலாய் ராயா மண்டபம். அம்மாவுக்கு இந்த ஊர் பிடிக்கவில்லை.

"எஸ்டேட்ட விட்டு டவுனுக்கு வர நாங்க பட்ட பாடு என்னா. நீ டிகிரி எடுத்துட்டு திரும்ப அங்கயே போய் நிக்கிற."

"எஸ்டேட் இல்லம்மா, தாமான்."

"பக்கத்துல என்னா மரம்?"

"செம்பனை."

"பின்ன என்னா தாமான்," என்று சொல்லிவிட்டு அம்மா எனக்காகச் சட்டி பானைகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார்.

முதல் மாதத்திலேயே ஊர் என் பட்டியலில் இருந்த எல்லாவற்றிலும் தேறிவிட்டது. பிறகு நான் எழுதாதவற்றிலும் தேற ஆரம்பித்தது. காலை ஒன்பது மணிக்கு எனக்கு அலுவலகக் கூட்டம் இருக்கும் என்று ரொட்டி சானாய் கடைக்காரர் எப்படியோ தெரிந்துகொண்டார். எட்டரைக்கு நான் போய் நிற்கும்போது என் பொட்டலம் கட்டித் தயாராக இருக்கும். மழை வந்து நான் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட நாள்களில் கொடியில் கிடந்த துணி மடித்து என் கேட்டில் ஒரு பையில் தொங்கும். அது பக்கத்து வீட்டு அக்காவின் வேலை. நான் இருக்கும் வீடும் அவர்களுடையதுதான். அவர் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒரு காலை என் காரின் பேட்டரி செத்துப்போனபோது, முன்மூடியைத் திறக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையிலேயே அந்த அண்ணன் கேபிளுடன் வந்து நின்றார்.

"சத்தத்துலயே தெரிஞ்சுது தங்கச்சி. நேத்தே இழுத்துச்சு."

"நேத்தே சொல்லியிருக்கலாமேண்ணே."

"நேத்து ஓடிச்சுல்ல."

அப்பாவுக்குக் கண் பரிசோதனை என்றால் சிலிபினுக்குப் போய் அழைத்துக்கொண்டு, ஈப்போவில் மருத்துவரைப் பார்த்து, அவரை வீட்டில் விட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு நான் திரும்பிவிடலாம். கோலாலம்பூரில் அந்த நேரத்துக்கு நான் இன்னும் கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருப்பேன். நகரத்தை ஒரு கடையைப் போலப் பயன்படுத்த முடிவது எனக்குப் பிடித்திருந்தது. போனோம், வேண்டியதை வாங்கினோம், வந்துவிட்டோம். திரும்பும் வழியில் சுண்ணாம்புக் குன்றுகள் பின்னால் போகப் போகத் தோள் தானாகத் தளரும்.

நான் கணினியில் வேலை செய்பவள் என்று தெரிந்ததும் கோயில் நிர்வாகத்தினர் ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிறகு என்னைப் பேசச் சொன்னார்கள். தாமானில் ஒருவர் தொலைபேசி மோசடியில் ஏமாறும் நிலைக்குப் போய்த் தப்பியிருந்தார். நான் ஐந்து விதிகளைச் சொன்னேன். தெரியாத எண்ணை எடுக்காதீர்கள். எடுத்துவிட்டால் பெயரைச் சொல்லாதீர்கள். அடையாள அட்டை எண்ணைச் சொல்லவே சொல்லாதீர்கள். எதற்கும் ஆமாம் என்று பதில் தராதீர்கள். திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள், எந்த எண்ணையும் போலியாகக் காட்ட முடியும். எல்லாரும் தலையாட்டினார்கள். என் அனுபவத்தில் பயனாளர்கள் தலையாட்டுவது வேறு, செய்வது வேறு. அதனால் நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

பிரச்சினை மழைக்காலத்தில் தொடங்கியது. கைபேசி இணைப்பை வைத்துத்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். மாலை நான்கு மணிக்கு மழை இறங்கினால் அலைவரிசையும் இறங்கும். கூட்டத்தின் நடுவே என் முகம் வாய் பாதி திறந்தபடி உறைந்து நிற்பதைச் சக ஊழியர்கள் படம் பிடித்து எனக்கே அனுப்பினார்கள். மேலாளர் கடுமையாகப் பேசுகிறவர் அல்ல. "இரண்டு மாதம் தருகிறேன். அங்கே நிலையான இணைப்பு ஒன்று வேண்டும். இல்லையென்றால் திங்கள் முதல் வெள்ளிவரை நீ இங்கே இருக்க வேண்டும்," என்றார். நியாயமான பேச்சு. அந்த ஊரை விட்டுப் போக எனக்கு மனமில்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

எங்கள் தாமானுக்கு ஃபைபர் கம்பி இன்னும் வரவில்லை. இணைய நிறுவனத்தின் ஈப்போ முகவரிடம் கேட்டேன். முப்பது வீடுகள் உறுதி சொன்னால் இழுப்போம், இந்தச் சுற்றை விட்டால் அடுத்த ஆண்டுதான் என்றார் அந்த மலாய்க்காரர்.

நான் கைபேசியிலேயே நிரப்பும் ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்து, தாமானின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கும்பிடு போட்ட கைகள் பன்னிரண்டு வந்தன. படிவத்தை நிரப்பியவர்கள் மூன்று பேர்.

"இந்த ஃபார்மெல்லாம் யாரு தங்கச்சி போடுவா," என்றார் அக்கா. "காலைல ரோசாப்பூ அனுப்பற குரூப்புலா இது. கெளம்பு, நானும் வாரேன். நடந்தாதான் வேலைக்காவும்."

ஐந்து மாலை நடந்தோம். ஒவ்வொரு வீட்டிலும் தேநீர். கடைசி வரிசையில் தனியாக இருக்கும் ஓர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், "எனக்கு எதுக்கும்மா லைனு, நான் ரேடியோ கேக்குற ஆளு," என்றார்.

"உங்களுக்கு இல்ல அங்கிள், இந்தப் பொண்ணுக்கு," என்றார் அக்கா. "லைன் வரலன்னா இது கேஎல்லுக்குப் போயிரும்."

"போனா?"

"போனா உங்க கிளினிக் அப்பாயின்மென்ட் யாரு போன்ல போட்டுக் குடுப்பா?"

அவர் பேனாவைக் கேட்டார். நான் தரவில்லை. தேவையில்லாத ஒருவரை மாதாமாதம் கட்டணம் கட்ட வைப்பது சரியாகப் படவில்லை என்றேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் என் படிப்பைப் பற்றிய சந்தேகம் இருந்தது. லாரிக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

"பினாங்குல இருக்கற மகளோட மூஞ்சி பாத்துப் பேசலாமா இதுல? நடுவுல நிக்காம?"

"பேசலாம் அங்கிள். அதுக்குத்தான் நல்லா இருக்கும்."

"அப்பறம் ஏம்மா இவ்ளோ நேரம் லெக்சர் குடுத்த. எழுது."

முப்பத்தாறு வீடுகள் சேர்ந்தன. வீட்டுக்கார அண்ணன் பெயரில் இரண்டு: அவர்கள் வீடு ஒன்று, நான் இருக்கும் வீடு ஒன்று. பட்டியலை முகவருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

பத்து நாள் கழித்து முகவர் அழைத்தார். விதிப்படி ஒவ்வொரு வீட்டையும் அவர் தொலைபேசியில் அழைத்து, பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரிபார்த்து, சம்மதம் என்று சொல்லவைத்துப் பதிவு செய்ய வேண்டும்.

"நான்கு பேர்தான் எடுத்தார்கள், கக்," என்றார் மலாயில், என்னை அக்கா என்று விளித்து. "மூன்று பேர் பெயரைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். ஒருவர் வைக்கவில்லை. ஐந்து நிமிடம் ஏசினார். எந்த லாக்கப்பிலிருந்து பேசுகிறாய் என்று கேட்டார். வரும் திங்கள்கிழமை பட்டியலை மூட வேண்டும்."

அக்காவிடம் ஓடினேன். அக்கா கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமா, வந்துச்சு ஒரு போனு," என்றார் அண்ணன் பெருமையாக. "ஐசி நம்பர் கேட்டான். உடுவேனா? நல்லா வச்சு வாங்கிட்டேன்."

"அண்ணே, அது இன்டர்நெட் லைனுக்காரர்."

"யாரா இருந்தா என்னா. நீதானே கோயில்ல சொன்ன, நம்பர் சொல்லாதன்னு."

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் ஐந்து விதிகளையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். எண்ணை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் பெயர் சொல்லவில்லை. அட்டை எண்ணைச் சொல்லவில்லை. ஆமாம் என்று யாரும் சொல்லவில்லை. முகவரின் எண்ணைக் குழுவில் போட்டு, இது நம்பிக்கையான எண், எடுங்கள் என்று அவசரமாக எழுதினேன். உடனே ஒருவர் பதில் போட்டார்: "நம்பர் போலியாகவும் வரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் சகோதரி." ஐந்தாவது விதியும் நிறைவேறிவிட்டது. எத்தனையோ அலுவலகங்களுக்கு நான் விதிமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன். எந்த ஊழியரும் இந்த ஊரைப் போல முழுமையாக அதைக் கடைப்பிடித்ததில்லை. அந்தக் கவலையிலும் எனக்கு அவர்கள்மேல் மதிப்பு கூடியது.

"அந்தப் பையன் எங்க இருக்கான், கேளு," என்றார் அக்கா.

கேட்டேன். ஈப்போவின் குனோங் ராபாட் பகுதி.

"குனோங் ராபாட்டா? அரை மணி நேரம்லா." என் கைபேசியை வாங்கி அக்காவே மலாயில் பேசினார். தொலைபேசியில் யாரும் எண் சொல்ல மாட்டார்கள், அது எங்கள் ஊர்க் கட்டுப்பாடு. நீ நேரில் வந்தால் வரிசையில் நின்று சொல்வார்கள். சனிக்கிழமை காலை பாலாய் ராயாவில் மேசை போட்டு வைக்கிறோம். இங்குள்ள மலாய் அம்மா கடை நாசி லெமாக் சோறு உனக்கு எடுத்து வைக்கிறோம். முகவர் தயங்கினார். நேரில் போய்ப் பதிவு செய்வது அவர்கள் வழக்கம் இல்லையாம். "வழக்கமா இல்லாட்டி என்ன, பக்கத்துலதானே," என்றார் அக்கா. இந்தச் சிறிய ஊரும் நகரமும் அடுத்தடுத்து இருப்பதன் மொத்த லாபமும் அந்த ஒரு வரியில் இருந்தது.

சனிக்கிழமை முகவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். பிளாஸ்டிக் மேசை, ஒரு மின்விசிறி, சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். அக்கா முதலில் அவருடைய அடையாள அட்டையையும் வேலை அட்டையையும் வாங்கினார். அவை வரிசை முழுக்கக் கை மாறிப் போய், எல்லாரும் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவரிடம் திரும்பி வந்தன. அவர் சிரித்துக்கொண்டே காத்திருந்தார். பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்து பெயரும் எண்ணும் சொன்னார்கள். லாரிக்காரர் தன் மகளின் படத்தையும் காட்டினார்.

பன்னிரண்டரைக்கு இருபத்தொன்பது. சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள், இருவர் மனம் மாறியிருந்தார்கள். முகவர் ஒரு மணிக்குக் கிளம்ப வேண்டும். வீட்டுக்கார அண்ணன் இன்னும் வரவில்லை.

வெளியே மரத்தடியில் வேன் நின்றது. அவர் ஏற்கனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்கண்ணே."

"நீ போ. வாரேன்."

"எப்ப?"

"அவன் போகட்டும்."

"அவரு போயிட்டா யாருகிட்டண்ணே சொல்லுவீங்க?"

துணியை மடித்தார், மறுபடி விரித்தார். "அவன அஞ்சு நிமிஷம் ஏசினேன் தங்கச்சி. அப்பன் ஆத்தாள எல்லாம் இழுத்துட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உள்ள வர?"

நான் சொன்ன விதியால் வந்த வினை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். என்னால்தான் என்று சொன்னால் அவர் மறுப்பார், பேச்சு வளரும். எண்ணிக்கையை மட்டும் சொன்னேன்.

"இருபத்தொம்பது வந்தாச்சுண்ணே. இன்னும் ஒண்ணு வேணும். உங்க பேருல ரெண்டு இருக்கு."

அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி உள்ளே நடந்தார். மேசை முன்னால் உட்காராமல் நின்றபடியே, "அன்றைக்குப் போனில் ஏசியது நான்தான்," என்று மலாயில் சொன்னார்.

முகவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் அண்ணா. வாசலில் உங்கள் குரல் கேட்டதுமே தெரிந்துவிட்டது. உட்காருங்கள்." பிறகு, "என் அம்மாவுக்கும் அப்படி ஏசக் கற்றுக் கொடுங்கள். யார் கேட்டாலும் எண்ணைச் சொல்லிவிடுகிறார்," என்றார்.

"நம்பரு குடு, நானே பேசுறேன்," என்றார் அண்ணன். முதலில் சிரித்தது அக்காதான்.

முப்பத்தொன்று. முகவர் தந்த உறுதிக் கடிதத்தை மேலாளருக்கு அனுப்பினேன். கம்பி வரும்வரை காலத்தை நீட்டித்துத் தந்தார்.

ஏழு வாரம் கழித்து இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். கம்பியை எந்தச் சுவர் வழியாக உள்ளே விடுவது என்று கேட்டார்கள். அதுவரை நான் அலைவரிசை கிடைக்கும் மூலையில் நாற்காலியை நகர்த்தி நகர்த்தி வேலை செய்தவள். அந்த வீட்டில் எனக்கென்று மேசை வாங்கவே இல்லை.

அண்ணன் கையில் பென்சிலோடு நின்றார். "என் சுவரு இது. ஓட்ட போட்டா போட்டதுதான். அவசரப்படாம யோசிச்சு சொல்லு தங்கச்சி, மேச எங்க போடப்போற?"

அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே அக்காவின் துணிக்கொடி, அதற்குப் பின்னால் செம்பனை.

"இங்கண்ணே. ஜன்னல் பக்கம்."

அவர் குனிந்து சுவரில் ஒரு பெருக்கல் குறி போட்டார். கொஞ்சம் மேலே வைத்தால் கூட்டும்போது துடைப்பம் இடிக்காது என்று அதை அழித்துவிட்டு, ஒரு சாண் உயரத்தில் மறுபடி போட்டார்.