சார்ஜ் ஏறாத வண்டி

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த என் கணவரை வீட்டுக்குக் கூட்டி வந்தபோது, வலது கையும் காலும் பாதிதான் வேலை செய்தன. அது பழகிவிட்டது. பேச்சுதான் பழகவில்லை. பேச்சு போய்விடவில்லை, சொற்கள் இடம் மாறிப்போயிருந்தன. சாவி கேட்க வாயைத் திறந்தால் சட்னி என்று வரும். தப்பாக வந்துவிட்டது என்று அவருக்கே தெரியும். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, இன்னொரு தடவை முயல்வார். அப்போதும் சட்னிதான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

நான் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். நாள் முழுக்க நின்று, யார் யாருடைய நரம்பையோ தேடிவிட்டு முதலியார்பேட்டை வீட்டுக்கு வந்து சேர்ந்தால், அவரைக் குளிப்பாட்ட வேண்டும், ஊட்ட வேண்டும், கைகாலை நீவிவிட வேண்டும். அழக்கூட அலுப்பாக இருந்த மாதங்கள் அவை.

வாசலில் தகர ஷெட்டுக்குக் கீழே அவருடைய வண்டி நின்றது. உப்பளம் பகுதியில், பிரெஞ்சு பட்டாளத்தில் வேலை பார்த்துத் திரும்பிய சொல்தா ஒருவரிடம் கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய பழைய ரெட்டை சைலன்சர் மோட்டார் சைக்கிள். அவர் மில்லில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தவர். மில் மூடிய பிறகு உழவர்கரையில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போனார். வேலை மாறினாலும் வண்டி மாறவில்லை. உடம்பு விழுவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அதை முழுக்கப் பிரித்து, சட்டத்துக்குப் புதுசாகக் கருப்பு பெயிண்ட் அடிக்கக் கொடுத்து வாங்கி, தானே திருப்பி மாட்டினார். மாட்டி முடித்த வாரமே சார்ஜ் ஏறவில்லை என்று புலம்பினார். அது என்னவென்று பார்ப்பதற்குள் அவரே விழுந்துவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அவர் கட்டிலில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே ஷெட் வரைக்கும் போயிருக்கிறார். வண்டியில் சாவியைப் போட்டுவிட்டு, ஹெட்லைட் மேல் எரிந்த குட்டிச் சிவப்பு பல்பையே பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"விழுந்து வச்சீங்கன்னா நான் ஒருத்தி எப்பிடித் தூக்குவேன்?" என்று கத்தினேன்.

இடது கையால் கிக்கரைக் காட்டினார். உதை என்கிறார். எனக்கு இருந்த ஆத்திரத்தில் ஓங்கி உதைத்தேன். மூன்றாவது உதையிலோ நான்காவதிலோ வண்டி கிளம்பிவிட்டது. அவர் என் கையை ஆக்ஸிலேட்டரில் வைத்து முறுக்கினார். எஞ்சின் வேகம் எடுத்தால் அந்தச் சிவப்பு பல்பு அணைய வேண்டும், அணைந்தால் டைனமோ பேட்டரிக்கு மின்சாரம் அனுப்புகிறது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சொல்லியிருக்கிறார். பல்பு அணையவில்லை. அவர் முகத்தில், ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் தடவையாக, எரிச்சல் தெரிந்தது. அதுவரை அதில் ஒன்றுமே தெரிந்ததில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். "நல்லதுதான்கா, அவருக்குத் தெரிஞ்ச வேலையைப் பத்திப் பேச விடுங்க" என்றாள். அவளுக்கென்ன, சொல்லிவிட்டாள்.

முதலில் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் ஹாரன் கணீரென்று அடித்தது, அப்புறம் கிழவன் இருமுகிற மாதிரி ஆகிவிட்டது. பிறகு உப்பளத்தில் இருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். பொறுமையான ஆள். டைனமோ மூடியைக் கழற்றி, உள்ளே உரசும் கார்பன் கட்டைகளைத் துடைத்து மாட்டினார். பக்கவாட்டு மூடிக்குப் பின்னால், சார்ஜை அளந்து அனுப்புகிற ரெகுலேட்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டார். உதைத்தார். பல்பு அணைந்தது. என் கணவர் இடது கையால் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

மறுநாள் நான் உதைத்தபோது பல்பு மறுபடியும் எரிந்தது.

மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். "ஒயர்ல எங்கியாவது விட்டுப் போயிருக்கும்கா. பழைய ஒயரிங், மொத்தமா மாத்திடலாம். தீவாளி முடியட்டும்" என்றார். தீபாவளி முடியட்டும் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"உடுங்க. ஓட்டப் போறது யாரு?" என்று என் கணவரிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்க வேண்டாம். அவர் ராத்திரி சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் பாயை ஷெட்டில் போட்டு, அவருடைய மீட்டரையும் டூல் பையையும் எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். மீட்டரில் இருந்து வரும் இரண்டு கம்பி முட்களில் ஒன்றை ஒயரின் இந்த முனையிலும் மற்றதை அந்த முனையிலும் வைத்தால், நடுவில் அறுபடாமல் இருந்தால் கீ என்று சத்தம் வரும். அதை அவர் கையாலேயே செய்து காட்டினார். அதற்கு வார்த்தை தேவைப்படவில்லை. ஆனால் எந்த ஒயர் என்று சொல்ல வேண்டி வந்தபோது சிக்கல் தொடங்கியது. "பச்சை" என்பார். பச்சையில் வைத்தால் தலையை ஆட்டுவார். அவர் மனசில் இருந்தது சிவப்பு. "கீழே" என்றால் மேலே. ஹேண்டில் கழுத்துக்குள் போகும் ஒயர்க் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் கீ என்றது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. கடல் காற்று அன்றைக்கென்று நின்றுபோயிருந்தது.

"பெயிண்ட்" என்றார்.

"எந்த ஒயருங்க?"

"பெயிண்ட். பெயிண்ட்."

பச்சை, சிவப்பு போல இதுவும் வேறு எதற்கோ வந்த சொல் என்று நினைத்தேன். கருப்பு ஒயரைத் தொட்டுக் காட்டினேன். இல்லை. நீலத்தை. இல்லை. அவர் குரல் உயர்ந்துகொண்டே போனது. "பெயிண்ட்டு!" எதிர்வீட்டு அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

"எனக்குப் புரியலைங்க! நான் என்னா பண்ணட்டும்?" நானும் கத்தினேன். முள்ளை வீசி எறிந்தேன். முழங்காலில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏதோ சுரண்டுகிற சத்தம் கேட்டது. அவர் ஸ்டூலில் இருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, இடது கையில் சாவியை வைத்துக்கொண்டு வண்டியின் சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ரெகுலேட்டர் பெட்டியை முடுக்கியிருந்த போல்ட்டுக்குப் பக்கத்தில். பளபளவென்றிருந்த கருப்பு பெயிண்ட் சுருள் சுருளாக உதிர்ந்து, அடியில் வெள்ளை இரும்பு தெரிந்தது.

"பெயிண்ட்" என்றார், மெதுவாக.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெட்டிக்கு எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் பாதை, சட்டத்தின் வழியாகத்தான் வர வேண்டும். நடுவில், மின்சாரத்தை விடாமல், புது பெயிண்ட் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. போல்ட்டை இறுக்கும்போது கொஞ்சம் பிடிக்கும், வண்டி அதிர்ந்தால் விட்டுப்போகும். மீட்டரை எடுத்து, ஒரு முள்ளைப் பெட்டியின் உடம்பிலும் மற்றதைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி வைத்தேன். வரவேயில்லை.

போல்ட்டுகளைக் கழற்றி, உப்புத்தாளால் அந்த இடத்தை இரும்பு மின்னுகிற வரைக்கும் தேய்த்தேன். அவர் டூல் பையில் இருந்து பல்வைத்த வாஷர்களைப் பொறுக்கி ஒவ்வொன்றாக நீட்டினார். இறுக்கிவிட்டு மீட்டரை வைத்தேன். கீ என்றது. வண்டியை உதைத்து முறுக்கினேன். பல்பு மங்கி, அணைந்தது. மறுநாளும் அணைந்தது. அதற்கு அடுத்த நாளும்.

அவர் குணமாகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். சட்னி இன்னும் சட்னியாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஏதாவது சொன்னால், தப்பு என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் பொறுக்கிறேன். பாதி நாள் அந்தப் பொறுமையும் வருவதில்லை.

வண்டி சரியான சேதி கேட்டு, கடலூரில் இருக்கும் என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். "வாங்க மாமா, ஒரு ரவுண்டு போலாம்" என்று அவரைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டான். நான் வேண்டாம் என்றேன். இரண்டு பேருமே கேட்கவில்லை. தெரு முனை திரும்பும்போது ஹாரன் அடித்தது, வலுவாக.

வீட்டுக்குள் வந்தேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அந்த வீட்டில் நான் தனியாக இருந்தது அன்றைக்குத்தான். துணி துவைக்கக் கிடந்தது. உலை வைக்க வேண்டும். காலையில் செயினுக்குப் போட்ட கிரீஸ் அப்பிய கையைக்கூடக் கழுவாமல் அவருடைய கட்டிலில் சாய்ந்தேன். அவர்கள் திரும்பி வந்து கதவைத் தட்டி, தட்டி, கடைசியில் எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகக் கூப்பிட்டும் எனக்குக் கேட்கவில்லையாம். அப்படி ஒரு தூக்கம்.