ஒரு வருஷத்துப் பாட்டு

எங்கள் சபையில் வருஷா வருஷம் பாஸ்டர் ஒரு வாக்குத்தத்த வசனத்தைத் தேர்ந்தெடுப்பார். அதற்கென்று ஒரு புதுப்பாட்டு வேண்டும். ஜனவரி முதல் தேதி காலை ஆராதனையில் தொடங்கி வருஷம் முழுக்க அதைப் பாடுவோம். டிசம்பரோடு அதன் ஆயுசு முடிந்துவிடும். போன வருஷத்துக் காலண்டர் மாதிரிதான் அதுவும்.

மெட்டு சித்தப்பாவுடையது, வார்த்தை என்னுடையது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். ரேஷன் கடை மனுவிலிருந்து கர்த்தருக்கான துதி வரை எழுதுகிற வேலையெல்லாம் என் தலையில். பெருமைதான். பிளஸ் டூ படிக்கும்போது எழுதிய முதல் பாட்டைச் சபையே எழுந்து நின்று பாடியது. நான் மட்டும் பாடாமல் எல்லோருடைய வாயையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பெருமைக்கும் கால் வலிக்கிறது. செராமிக் கம்பெனி ஆபீஸில் நாளெல்லாம் பில் போட்டு, பஸ்ஸில் நின்றபடியே வந்து, தோசை சுட்டுப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தால், 'மகிமை'க்கு எதுகை தேடுவதற்குள் கண் சொருகுகிறது.

சித்தப்பா மெட்டைப் போனில் பாடி அனுப்புவார். வெறும் 'தனனா'தான். அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நான் வரியை முடிப்பேன். சுரம் எழுதிக்கொள்ள இருவருக்கும் தெரியாது.

போன டிசம்பரில் வந்த வசனம், சோர்ந்துபோகாமல் நடப்பதைப் பற்றியது. அதைக் கேட்டபோதே எனக்குச் சலிப்பாக இருந்தது. சித்தப்பாவோ, செராமிக்குக்கான மண்ணை மாவாக அரைக்கிற வேலையை மூச்சுத் திணறலால் விட்டிருந்தார். தொண்டையைக் கஷ்டப்படுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "இந்த வருஷம் சென்னைல பதிவு பண்ண பாட்டு ஒண்ண மியூசிக் ட்ராக்கோட போட்டுக்கலாங்களா, ஐயா?" என்று பாஸ்டர் தன்மையாகத்தான் கேட்டார்.

சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"முன்னாடி நின்னு பாட்டு எடுத்து வுடறது நானு. அதையும் வுட்டுட்டா சபைல எங்க போயி உக்காருவேன் பாப்பா?"

மறுநாள் மெட்டு வந்தது. இரண்டாம் வரியின் நடுவில் சட்டென்று நின்றது. கொஞ்சம் மௌனம். பிறகு தொடர்ந்தது. ஒவ்வொரு சரணத்திலும் அப்படியே. நன்றாக இருந்தது, புதுசாக ஏதோ செய்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த இடத்தில் ஒரு சொல் முடிகிற மாதிரி எழுதினேன். அவர் ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்ததால் பாடகர் குழுவுக்கும் நானே சொல்லிக்கொடுத்தேன்.

"ஏங்க்கா, நடுவுல டீ குடிச்சிட்டு வர வுட்டிருக்கீங்களா?" என்றாள் ஒருத்தி.

"வாய மூடிக்கிட்டு இருக்கறதுன்னா ஒனக்குக் கஷ்டந்தான்டி."

கடைசி ஒத்திகைக்குச் சித்தப்பா வந்தார். பெண்கள் பாடினார்கள். இரண்டாம் வரியில் எல்லோரும் ஒன்றாக நின்றார்கள். அவர் கையைத் தூக்கினார்.

"ஏன் நிக்கிறீங்க?"

"நீங்க நிறுத்தனீங்கல்ல சித்தப்பா" என்றேன்.

"அது மெட்டு இல்ல பாப்பா. இளைப்பு. மூச்சு கெடைக்கல, நின்னுட்டேன். மெட்டு அங்க ஓடணும்."

ஓட வேண்டுமென்றால் எல்லாச் சரணத்துக்கும் புது வார்த்தை வேண்டும். விடிந்தால் ஆராதனை. என்னிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை.

"ஓடட்டும். அது கூடவே ஒங்களால ஓட முடியுமா?"

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு கடுமையாக விழுந்தது என்று தெரிந்தது. அவர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தார்.

"படிச்ச புள்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பெண்கள் பக்கம் திரும்பி, "நிக்கிற மாதிரியே பாடுங்க."

காலையில் மைக் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார். முதல் சரணத்தில் குழு நின்ற இடத்தில் அவருக்கு மூச்சு கிடைத்தது. இரண்டாவதில் சபையும் பழகிவிட்டது, எல்லோரும் சேர்ந்து நின்றார்கள். மூன்றாவதில், யாரும் நிற்காத இடத்தில் அவருக்கு மூச்சு அறுந்தது. பாட்டு நிற்கவில்லை, அவரை விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டு தொடையில் தாளம் மட்டும் தட்டினார். பாஸ்டர் பாதி எழுந்துவிட்டார். நான் சித்தப்பாவைப் பார்த்தபடியே பாடினேன்.

இரண்டாம் வரியின் நிறுத்தம் வந்தது. சபை மௌனமாக இருந்தது. அவர் தோள் ஒருமுறை ஏறி இறங்கியது. வரியின் மீதியை எங்களுக்கு முன்னால் அவர்தான் எடுத்தார்.